தொண்டைத் தொந்தரவு

அந்தக் கால்பந்து கிளப்பில் அவரைச் சுளுக்கண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். ஆட்டக்காரர்களின் காலையும் முதுகையும் பிசைந்து, நீவி, பிடிப்பு எடுத்துவிடுவது அவர் தொழில். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் சேர்ந்தவர். இப்போது முடியும் இல்லை, அவரை வேலைக்குச் சேர்த்த பழைய முதலாளியும் இல்லை.

உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத சின்ன அறை அவருடையது. நடுவில் ஒரு நீள மேஜை. குப்புறப் படுப்பவன் முகத்தை வைத்துக்கொள்ள மேஜையின் தலைமாட்டில் ஒரு ஓட்டை. சுவரோரம் எண்ணெய்ப் பாட்டில்கள், துண்டுகள், மூலையில் கை கழுவும் தொட்டி. அந்த மேஜையில் படுத்தால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் வாய் சும்மா இருக்காது. ஓட்டைக்குள் முகம் போனதும், தான் பேசுவது தரைக்கு மட்டும்தான் கேட்கும் என்ற நினைப்பு வந்துவிடும் போல. பெண்டாட்டியோடு சண்டை, வேறு கிளப்போடு ரகசியப் பேச்சு, முட்டி எப்போது கைவிடுமோ என்ற பயம், எல்லாவற்றையும் கொட்டுவார்கள். சுளுக்கண்ணன் உம் கொட்டியபடி பிசைவார். மேஜையில் கேட்டது மேஜையோடு. அந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம். ஓட்டைவாய்க்காரனிடம் மறுநாள் எவனும் காலை நீட்ட மாட்டான். வீட்டில் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். இந்த மனுஷன் வாயைத் திறக்கக் கடப்பாறைதான் வேண்டும் என்பாள்.

அந்த வருஷம் வீட்டில் ஒரு பச்சைக் குழந்தை இருந்தது. மகளின் முதல் குழந்தை, பெண். மருமகனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில்தான். அதனால் மகள் பெற்றவர்களோடு இருந்தாள். எருமை மாதிரி ஆட்டக்காரர்களைப் புரட்டிப் போடுகிற சுளுக்கண்ணன், பேத்தியை மட்டும் முட்டையைத் தூக்குவதுபோலத் தூக்குவார். குழந்தை டாக்டரம்மா முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊரில் கக்குவான் இருமல் சுற்றுகிறது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிற வயது இன்னும் வரவில்லை, அதனால் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் மறு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், இருமுகிற எவரும் கிட்டே வரக் கூடாது.

"பெரியவங்களுக்கு அது வெறும் இருமல். இந்தப் பிஞ்சுக்கு மூச்சே நின்னுடும்," என்றார் டாக்டரம்மா.

சுளுக்கண்ணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று பேரும் மறுநாளே போய்க் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

கிளப்பிலும் ஊசிக்கு ஒரு விதி இருந்தது. விதியா அது, கண்றாவி. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஒரே காகிதத்தில், ஊழியர்களுக்கு மறு ஊசி கட்டாயம் என்று மேலே போட்டிருந்தது. ஆட்டக்காரர்கள் போட்டுக்கொள்வது நல்லது என்று கீழே போட்டிருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஜெர்ஸி துவைத்துத் தேய்க்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். முன்பு ஒருமுறை ஊசி போட்டுக் கை வீங்கிப்போனதில் அவளுக்குப் பயம். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், வேறு டாக்டரைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்றுதான் கேட்டாள். மேனேஜர், ரூல் என்றால் ரூல்தான் என்று சொல்லி, தேய்த்துக்கொண்டிருந்த ஜெர்ஸியைப் பாதியில் வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அவள் போனபின் அந்தப் பாதி தேய்த்த ஜெர்ஸியை எடுத்து மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனானே ஒருவன், அவன் ஊசி போடவில்லை.

அவன்தான் ராக்கெட். அணியின் முன்வரிசை ஆட்டக்காரன், கோல் அடிப்பவன், சுவரொட்டியில் சிரிப்பவன். ஓட்டத்தைப் பார்த்து ரசிகர்கள் வைத்த பெயர். தடுப்பூசி என்றால் அவனுக்கு ஆகாது. உள்ளே என்னத்தைக் கலந்திருக்கிறார்களோ, என் உடம்பு எனக்குத் தெரியும் என்பான். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் வலி தெரியாமல் இருக்க முட்டியில் ஒரு ஊசி குத்துவார் கிளப் டாக்டர். அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு, போனில் படம் பார்த்தபடி வாங்கிக்கொள்வான். சுளுக்கண்ணன் இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். பார்த்து, துண்டை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு ஆட்டத்தில் ராக்கெட் மூன்று கோல் அடித்தான். அன்றைக்கு அவன் காலைப் பிடித்துவிட்டது சுளுக்கண்ணன். முதலில் வலது, பிறகு இடது. அதிலிருந்து வேறு எவர் கையும் ஆட்டத்துக்கு முன் அவன் காலில் படக் கூடாது. சுளுக்கண்ணன் லீவு எடுத்தால் ராக்கெட் இறங்க மாட்டான். ராக்கெட் இறங்காவிட்டால் முதலாளிக்குத் தூக்கம் வராது. ஆகவே சுளுக்கண்ணனுக்கு லீவு கிடையாது. மற்றபடி ராக்கெட் கெட்டவன் இல்லை. எதைக் கொடுத்தாலும் மகராசனாகக் கொடுப்பான். அண்ணே அண்ணே என்று உயிரை விடுவான்.

இறுதி ஆட்டத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது இரண்டாவது கோல்கீப்பர் படுத்துவிட்டான். இருமி இருமி வாந்தி எடுத்து, வெளி ஆஸ்பத்திரிக்குப் போனதில் கக்குவான் இருமல் என்று தெரிந்தது. அவனை உடனே வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது கோல்கீப்பர்தானே, விதியைக் கடைப்பிடிப்பதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. அந்த வாரமே ராக்கெட் மேஜையில் குப்புறப் படுத்துக்கொண்டு இருமினான். சும்மா இருமல் இல்லை. மூச்சு விட இடமில்லாமல் அடுக்கடுக்காய் வந்து, கடைசியில் காற்றை உள்ளே இழுக்கும்போது ஒரு கூவல். ஓட்டை வழியாக எச்சில் தெறித்துச் சுளுக்கண்ணனின் செருப்பில் விழுந்தது. கையை விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நேரே கிளப் டாக்டரிடம் போய்ச் சொன்னார். தூசு அலர்ஜி அண்ணே, மைதானத்தில் புல் வெட்டுகிறார்களே என்றார் டாக்டர். டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமே என்று இவர் கேட்டதற்கு, டாக்டர் தன் மேஜையில் இருந்த பேனாவையெல்லாம் ஒழுங்காக அடுக்கத் தொடங்கினார்.

ஆனாலும் விஷயம் கசிந்து, விதியைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். மாடியில் கண்ணாடி மேஜை போட்ட அறை. மேனேஜர், டாக்டர், கோச், ஆட்டக்காரர்கள் சார்பில் கேப்டன், எல்லோருக்கும் மேலே முதலாளியின் மச்சான். கீழ் ஊழியர் சார்பில் ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சுளுக்கண்ணனையும் கூப்பிட்டு, கதவோரம் ஒரு நாற்காலி போட்டார்கள். பிஸ்கட் தட்டு அவர் வரை வரவில்லை.

விதிப் புத்தகத்தில் தெளிவாகவே இருந்தது. தொடர்ந்து இருமுகிறவன் டெஸ்ட் எடுக்க வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும், டாக்டர் சரி என்கிற வரை யாரோடும் சேராமல் ஒதுங்கி இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனிதர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கலாம். தொடர்ந்து என்றால் எவ்வளவு தொடர்ந்து என்று ஆரம்பித்தார் மச்சான். ஓடும்போது இருமுகிறானா, நிற்கும்போதா என்று கேட்டார் கோச். மாத்திரை சாப்பிட்டால் வயிறு கலக்கும், இறுதி ஆட்டத்துக்கு முன் வயிறு கலங்கலாமா என்று ஒரு கவலை. டெஸ்ட் எடுத்தால்தானே வியாதி, எடுக்காதவரை அதை வியாதி என்று மருத்துவப்படி சொல்ல முடியாது என்றார் டாக்டர், படித்த வாயால். கேப்டன் மட்டும் கொஞ்சம் யோசித்துப் பேசினான். ஊசி போட்டவனுக்கும் சில சமயம் வருகிறது, ஒருத்தன் உடம்பில் எதை ஏற்றுவது என்று கிளப் முடிவு செய்வது சரியில்லை, நாளைக்கு வேறு எதையாவது ஏற்று என்பார்கள் என்றான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை என்று சுளுக்கண்ணனுக்கே பட்டது. பட்டதும்தான் அவருக்கு வாய் திறந்தது.

"அப்ப துணி துவைக்கிற அக்காவை ஏன் சார் அனுப்பினீங்க?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது வேற, இது வேற என்றார். எது எப்படி வேற என்று யாரும் சொல்லவில்லை. கேப்டன் பிஸ்கட்டைப் பார்த்தான். வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது, அந்தத் தம்பிக்கு மாத்திரை கொடுங்கள், அதுவரை வேறு யாராவது காலைப் பிடிக்கட்டும் என்று சுளுக்கண்ணன் கெஞ்சாத குறையாகச் சொன்னார். மச்சான் ரொம்ப அன்பாகச் சிரித்தார். கப்பைத் தூக்கிவிட்டு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கடைசியில் முடிவு எழுதினார்கள். பயிற்சிக்கு இடைஞ்சல் இல்லாத இருமல், நோய் அல்ல. அது தொண்டைத் தொந்தரவு. தொண்டைத் தொந்தரவு உள்ளவர் ஆடலாம். சீ, இதற்கு ஒரு கூட்டம், இதற்கு ஒரு கண்ணாடி மேஜை. எழுந்திருக்கும்போது மேனேஜர் சுளுக்கண்ணன் தோளில் கைபோட்டார்.

"இங்க பேசினது வெளிய போகக் கூடாது. வீட்டுக்கும்தான். எதிர் டீமுக்குத் தெரிஞ்சா வினை. உங்க வாயைப் பத்தி எங்களுக்குத் தெரியாததா?"

சுளுக்கண்ணன் தலையாட்டினார். அவரைப் பொறுத்தவரை அதில் புதிதாக ஒன்றும் இல்லை. எத்தனையோ ரகசியத்தை விழுங்கியவர், இதையும் விழுங்கினார். விழுங்கும்போது மட்டும் கசந்தது.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டுக்குப் போவதில்லை. தனக்கு ஊசி போட்டாயிற்றுதான், ஆனாலும் அந்த எச்சில் பட்ட செருப்போடும் சட்டையோடும் பேத்தியிருக்கும் வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது? இறுதி ஆட்டம் முடியும்வரை மைதானத்திலேயே தங்க வேண்டும், வேலை கழுத்து முட்ட இருக்கிறது என்று மனைவிக்குப் போன் செய்தார். பேத்தி வந்ததும் கிழவனுக்கு வேலையில் இவ்வளவு அக்கறையா என்று அவள் கேலி செய்தாள். மகள் போனை வாங்கி, பாப்பா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், வந்து பாருங்கள் என்றாள். சீக்கிரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பந்துகள் அடுக்கிய அறையில் இரண்டு விரிப்பைப் போட்டுப் படுத்தார். பகலில் ராக்கெட்டின் காலைப் பிசைந்தார். அவன் இருமினான். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் போனில் பேத்தியின் சத்தத்தை மட்டும் கேட்டார். நடுவில் ஒருநாள் மனைவியும் மகளும் போனில் ஏதோ கமுக்கமாகச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டதற்கு, உங்களுக்கு மட்டும்தான் ரகசியம் வைக்கத் தெரியுமா என்றாள் மனைவி. பெண்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் மனைவி போனில், பாப்பாவுக்கு லேசாகச் சளி, ராத்திரி தூங்கவில்லை, மூக்கில் ஒழுகியது இருமலாகி இருக்கிறது என்றாள். டாக்டரம்மாவிடம் உடனே தூக்கிக்கொண்டு போ என்று இவர் சத்தம் போட்டார். மத்தியானம் போகிறோம், இதற்கு ஏன் குதிக்கிறீர்கள் என்று அவள் போனை வைத்தாள். மனசு ஒரு நிலையில் இல்லாமல்தான் அவர் ராக்கெட்டை மேஜையில் படுக்கவைத்து வலது காலைத் தொடங்கினார்.

கதவு திறந்திருந்தது. உடை மாற்றும் அறையின் பெரிய டிவியில் கிளப்பின் படம் ஒன்று ஓடத் தொடங்கியது. நம்ம குடும்பம் என்று தலைப்பு. ஆட்டத்துக்கு முன் மைதானத்துத் திரையிலும் காட்டப்போகிறார்களாம். அணிக்காகத் தன் குடும்பத்தையே பிரிந்து மைதானத்தில் தங்கியிருக்கும் நம் சுளுக்கண்ணன் என்று ஒரு குரல் உருகியது. பிறகு அவர் வீட்டு வாசல் வந்தது. கதவைத் திறந்து வாயெல்லாம் பல்லாக நிற்கும் மனைவி. பூங்கொத்தோடும் கையெழுத்துப் போட்ட குட்டி ஜெர்ஸியோடும் ராக்கெட். அடுத்து, சோபாவில் ராக்கெட். அவன் மடியில் பேத்தி. குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தான். கன்னத்தில் ஒன்று. எல்லோரும் சுளுக்கண்ணனைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அவர் கை வலது கெண்டைக்கால் மேல் அப்படியே நின்றது.

"எப்படிண்ணே சர்ப்ரைஸ்?" ஓட்டைக்குள்ளிருந்து ராக்கெட் கேட்டான். "நீங்க வீட்டுக்கே போகலைன்னு கேட்டதும் எனக்கு மனசு கேக்கல. நம்ம அண்ணன் வீட்டுக்கு நாமளே போவோம்னு வீடியோ எடுக்கிறவரைக் கூட்டிட்டுப் போனேன். ஃபைனல் வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு அண்ணிகிட்ட சத்தியம் வாங்கினேன்."

"அங்க இருமினியா?"

"எங்க?"

"என் வீட்ல. இருமினியா?"

ராக்கெட் உண்மையிலேயே யோசித்தான். "கொஞ்சம். பாப்பா மேல படக் கூடாதுன்னு கைய வெச்சு மறைச்சுக்கிட்டுதாண்ணே இருமினேன். அதுக்கப்புறம்தான் தூக்கினேன்." பிறகு, "அலர்ஜிதானேண்ணே. டாக்டர்தான் சொன்னாரே," என்றான்.

அவனைக் கழுத்தைப் பிடித்து அந்த ஓட்டைக்குள்ளேயே அமுக்க வேண்டும் போல இருந்தது சுளுக்கண்ணனுக்கு. அமுக்கி என்ன செய்ய? பொய்யைச் சொன்னவன் ஒருவன், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் சிலர், இந்த முட்டாள் அதை நம்பினான். அவர் எண்ணெய்க் கையைத் துடைக்கக்கூட இல்லை. வெளியே நடந்தார். அண்ணே, இடது கால் பாக்கி என்று பின்னால் ராக்கெட் கூப்பிட்டான். மேனேஜர் வழியை மறித்து, இப்போது எங்கே போகிறீர்கள், விளையாடுகிறீர்களா என்றார். சுளுக்கண்ணன் அவர் சட்டையில் கை வைத்து ஓரமாகத் தள்ளினார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்தது.

வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி, குழந்தைக்கு உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள் என்றாள்.

குழந்தைகள் பிரிவின் கடைசி அறை. வெளியே முகக்கவசம் கொடுத்து உள்ளே விட்டார்கள். மகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மார்பில் குழந்தை, மூக்கில் மெல்லிய குழாய். பக்கத்தில் ஒரு பெட்டி பீப் பீப் என்றது. இருமல் வரும்போது அந்தச் சின்ன உடம்பு வில்லாக வளைந்தது. முகம் சிவந்து, கறுத்து, சத்தம் நின்றுபோனது. நர்ஸ் ஓடிவந்து குழந்தையின் முதுகைத் தட்டினாள். கொஞ்ச நேரம் மூச்சு வரவில்லை. வந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் அதன் பிறகுதான் வந்தது. கக்குவான் இருமல்தான், மருந்து ஏற்றியிருக்கிறோம், இன்னும் சில நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும், வீட்டில் யாராவது இருமினார்களா, வெளியாள் யாராவது வந்தார்களா என்று நர்ஸ் கேட்டாள். மனைவி தயங்கித் தயங்கி, பெரிய ஆட்டக்காரர் ஒருத்தர் வந்தார், தொண்டை சரியில்லை என்றுதான் சொன்னார் என்றாள்.

சுளுக்கண்ணன் சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தார். ராக்கெட் இரண்டு கோல் போட்டுவிட்டானாம். இரண்டும் இடது காலால், சுளுக்கண்ணன் கை படாத காலால். த்தூ என்று துப்பத் தோன்றியது. ஆஸ்பத்திரி என்பதால் விழுங்கிக்கொண்டார். போனை அணைத்து வைத்தார்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்ததிலிருந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நேரே வந்து நின்ற விதத்தையும், நர்ஸ் நோயின் பெயரைச் சொன்னபோது அதிராத முகத்தையும் அவள் பார்த்திருக்க வேண்டும்.

"அப்பா, அவனுக்கு இந்த வியாதி இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லலாம். அலர்ஜி என்று டாக்டரே சொன்னார் என்று சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எவனும் அப்படித்தான் சொல்வான்.

"தெரியும்மா. அதனாலதான் நான் வீட்டுக்கு வரல."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மா கதவைத் திறந்திருக்க மாட்டாங்களே."

மேஜையில் கேட்டது மேஜையோடு என்று அவர் நாக்கு நுனி வரை வந்தது. அந்த அறையில் அதை எப்படிச் சொல்வது? எத்தனை வருஷமாகப் பெருமையாகச் சொல்லிவந்த சொல், அந்தப் பெட்டி பீப் பீப் என்பதற்கு நடுவே நாறியது. ராக்கெட்டின் மேல் வந்த அருவருப்பு, மச்சானின் மேல் வந்த அருவருப்பு எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் மேலேயே வந்து உட்கார்ந்ததை அவர் உணர்ந்தார். மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

குழந்தை மறுபடி இருமத் தொடங்கியது. சுளுக்கண்ணன் தன்னையறியாமல் இரண்டு கையையும் நீட்டினார். மகள் கொடுக்கவில்லை.